அன்னங்களைப் பார்க்க ஸ்லிம்பிரிட்ஜ் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில், செவர்ன் ஆறு கடலைத் தொடும் முகத்துவாரத்தின் ஓரத்தில் இருக்கிறது ஸ்லிம்பிரிட்ஜ் ஈரநிலக் காப்பகம். ஆர்க்டிக் ரஷ்யாவில் குஞ்சு பொரிக்கும் பியூயிக் அன்னங்கள் குளிர்காலத்தில் இங்கே வந்து தங்குகின்றன. அக்டோபர் பிறந்தால் போதும், தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிக் கேட்டவற்றையும், பல குளிர்காலங்கள் அங்கே போய் நின்று நான் தெரிந்துகொண்டதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எந்த மாதம் போனால் அன்னங்களைப் பார்க்கலாம்?

முதல் பறவைகள் அக்டோபர் நடுவிலோ கடைசியிலோ வந்து இறங்கும். நவம்பர் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடியும்வரை எண்ணிக்கை அதிகம். பிப்ரவரிக் கடைசியில் கிளம்பத் தொடங்கி, மார்ச்சில் குளம் காலியாகிவிடும்.

ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்றால் ஜனவரியைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் வடகிழக்கிலிருந்து காற்று வீசி, ஐரோப்பாவின் அந்தப் பக்கம் உறைபனி பிடித்திருக்கிறது என்று செய்தி வந்தால், அடுத்த சில நாட்களில் போய்ப் பாருங்கள். நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் தங்கியிருந்த பறவைகள் அந்தக் குளிருக்கு இந்தப் பக்கம் நகர்ந்து வரும்.

காலையிலேயே போய்விட வேண்டுமா?

வேண்டாம். முக்கியமாகச் சொல்ல நினைப்பதே இதைத்தான்: பொழுது சாயும்வரை அங்கே இருங்கள்.

முதல்முறை போனபோது காலை பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்தேன். குளத்தில் வாத்துகள் இருந்தன, நான்கைந்து அன்னங்கள் தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. இவ்வளவுதானா என்று மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டேன். பகலில் அன்னங்கள் பெரும்பாலும் சுற்றியிருக்கும் புல்வெளிகளிலும் வயல்களிலும் மேய்ந்துகொண்டிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இருட்டும் நேரத்தில்தான் அவை தண்ணீருக்குத் திரும்பும். நரி எட்டாத இடம் தண்ணீர்தான், அதனால் இரவில் அங்கேதான் தங்கும்.

டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, பறவைகள் கண்ணில் படாமல் உட்கார்ந்து பார்க்கும் மறைவிடத்தில் போய் உட்கார்ந்துவிடுங்கள். முதலில் எங்கோ தூரத்தில் குரல் மட்டும் கேட்கும். அப்புறம் சாம்பல் வானத்தில் ஐந்து புள்ளிகள் தெரியும். அம்மா, அப்பா, மூன்று குஞ்சுகள். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சிறகை வளைத்து, கறுப்புக் கால்களை முன்னால் நீட்டி, தண்ணீரைக் கிழித்தபடி வழுக்கி வந்து நிற்கும். நின்றதும் அப்பனும் அம்மாவும் ஒன்றையொன்று பார்த்து, கழுத்தை ஏற்றி இறக்கிக் குரல் கொடுக்கும். அதற்குள் அடுத்த குடும்பம் வந்துவிடும். வெளிச்சம் முற்றிலும் போனபிறகும் இறக்கைச் சத்தமும் குரலும் வந்துகொண்டே இருக்கும்.

மாலையில் காப்பகத்தார் குளக்கரையில் தானியம் தூவுவார்கள். அன்றைய நேரத்தை நுழைவாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதுதான் அவற்றை மிக அருகில் பார்க்கும் நேரம்.

இவை எங்கிருந்து, எதற்காக வருகின்றன?

பியூயிக் அன்னத்தின் ஊர் ரஷ்யாவின் வடகோடி. பெச்சோரா ஆற்றின் கழிமுகத்தைச் சுற்றியுள்ள மரமில்லாத துந்த்ரா நிலம். கோடை அங்கே மிகக் குறுகியது. அதற்குள் கூடு கட்டி, அடைகாத்து, குஞ்சுகளைப் பறக்கவைத்துவிட வேண்டும். பொரித்த ஆறேழு வாரங்களில் குஞ்சு பறக்கத் தொடங்கிவிடும். செப்டம்பரில் நீர் உறைய ஆரம்பித்தால் நீருக்கடியில் இருக்கும் தண்டும் கிழங்கும் எட்டாது. அதனால் கிளம்பியாக வேண்டும்.

வெண்கடல், எஸ்தோனியா, பால்டிக் கரை, ஜெர்மனி, நெதர்லாந்து என்று தங்கித் தங்கிச் சுமார் 3,500 கிலோமீட்டர் வருகின்றன. இந்த வழி பிறவியிலேயே முழுதாகத் தெரிந்துவிடுவது இல்லை. குஞ்சுகள் பெற்றோருடன் பறந்துதான் எங்கே இறங்குவது, எங்கே மேய்வது என்று கற்றுக்கொள்கின்றன. முதல் குளிர்காலம் முழுக்கப் பெற்றோரைவிட்டுப் பிரிவதில்லை. குளத்தில் சாம்பல் நிறத்தில் தெரியும் பறவைகள் அந்த ஆண்டின் குஞ்சுகள். அன்று எத்தனை சாம்பல் பறவைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். துந்த்ராவில் அந்தக் கோடை எப்படிப் போனது என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடும்.

எல்லாம் வெள்ளையாகத்தானே இருக்கின்றன, எப்படிப் பிரித்து அறிவது?

அலகைப் பாருங்கள்.

ஆரஞ்சு அலகு, அது நெற்றியோடு சேரும் இடத்தில் கறுப்புக் குமிழ், எஸ் வடிவில் வளைந்த கழுத்து என்றால் அது மியூட் அன்னம். பிரிட்டனில் ஆண்டு முழுக்க இருப்பது, பூங்காக் குளங்களில் பார்ப்பது இதுதான். மஞ்சளும் கறுப்பும் கலந்த அலகு என்றால் குளிர்கால விருந்தாளி. அதில் இரண்டு வகை. ஹூப்பர் அன்னத்துக்கு மஞ்சள் ஆப்பு போல நீண்டு மூக்குத் துளையைத் தாண்டிப் போகும். உடல் பெரிது, கழுத்து நீளம், தலை நீண்ட முக்கோணம் போல இருக்கும். பியூயிக் அன்னத்துக்கு மஞ்சள் அலகின் அடியோடு நின்றுவிடும், முனை பெரும்பாலும் கறுப்பு. உடலும் சிறிது. சுமார் ஆறு கிலோ எடை. ஹூப்பர் ஒன்பது, பத்து கிலோ வரை இருக்கும்.

காதாலும் சொல்லிவிடலாம். ஹூப்பரின் குரல் எக்காளம் மாதிரி ஓங்கி ஒலிக்கும். பியூயிக்கின் குரல் அதைவிட மெல்லியது, கூட்டமாகக் கேட்கும்போது பேச்சுச் சத்தம் போலவே இருக்கும். மியூட் அன்னம் பறக்கும்போது இறக்கையிலிருந்து ஒரு ரீங்காரம் வரும். மற்ற இரண்டுக்கும் அது கிடையாது.

ஓர் எச்சரிக்கை: காப்பகத்தின் முன்பகுதியில் உலகின் பல இடங்களைச் சேர்ந்த நீர்ப்பறவைகளை வளர்க்கிறார்கள். அங்கே நிற்கும் பறவையைப் பார்த்துவிட்டு, ஆர்க்டிக்கிலிருந்து வந்ததைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடாதீர்கள். காட்டுப் பறவைகள் இருப்பது குளத்தின் பக்கமும், முகத்துவாரத்தை நோக்கிய மறைவிடங்களின் பக்கமும்.

ஒவ்வோர் அன்னத்துக்கும் பெயர் வைத்திருக்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. இதைத் தெரிந்துகொண்டு போனால் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

காப்பகத்தை 1946-ல் தொடங்கியவர் பீட்டர் ஸ்காட். தென்துருவப் பயணத்தில் உயிரிழந்த கேப்டன் ஸ்காட்டின் மகன். ஓவியர், இயற்கையியலாளர். உலக வனவிலங்கு நிதியத்தை நிறுவியவர்களில் ஒருவர், அதன் பாண்டா சின்னத்தை வரைந்தவரும் அவரே. ஸ்லிம்பிரிட்ஜில் அவர் வீட்டின் பெரிய ஜன்னல் குளத்தைப் பார்த்தபடி இருந்தது. 1964 பிப்ரவரியில் அங்கிருந்து அன்னங்களைக் கவனித்தவர், எந்த இரண்டின் அலகிலும் மஞ்சளும் கறுப்பும் ஒரே மாதிரி அமையவில்லை என்பதைக் கண்டார். நம் கைரேகை மாதிரி. உடனே ஒவ்வொன்றின் முகத்தையும் முன்பக்கம், பக்கவாட்டு என்று வரைந்து, பெயர் வைக்கத் தொடங்கினார். குடும்பமே சேர்ந்து அந்த வேலையைச் செய்தது.

ஓவியர் என்பதால்தான் அது அவர் கண்ணில் பட்டது என்று நான் நம்புகிறேன். வேறு எத்தனையோ பேர் அதே பறவைகளை அதற்கு முன்பும் பார்த்திருப்பார்கள்.

அந்தப் பதிவு இன்றுவரை தொடர்கிறது. காட்டுப் பறவை இனம் ஒன்றில் ஒவ்வொரு பறவையையும் தனித்தனியாக அடையாளம் கண்டு இவ்வளவு நீண்ட காலம் தொடரும் ஆய்வுகள் உலகில் மிகக் குறைவு. லான்ஸலாட் என்று பெயரிடப்பட்ட ஆண் அன்னம் இருபது குளிர்காலங்களுக்கு மேல் இதே குளத்துக்கு வந்தது. இன்றும் ஆய்வாளர்கள் தொலைநோக்கி வழியே அலகைப் பார்த்தே யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அலகின் மேல்பகுதி முழுக்கக் கறுப்பா, மஞ்சள் குறுக்கே ஓடுகிறதா, மஞ்சளுக்கு நடுவே கறுப்புத் தீவு போல ஒரு புள்ளி இருக்கிறதா என்பதுதான் முதல் பிரிவு. அந்தக் கடைசி வகையை பென்னிஃபேஸ் என்கிறார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு காகிதத்தில் இரண்டு அலகை வரையுங்கள். வரைந்து முடிக்கும்போது அந்த இரண்டு பறவைகளும் உங்களுக்குத் தெரிந்தவையாகிவிடும்.

வாழ்நாள் முழுக்க ஒரே துணையோடு வாழும் என்கிறார்களே?

பெரும்பாலும் ஆமாம். துணை இறந்தால் வேறு துணை தேடும், அதற்குச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். இரண்டும் உயிரோடு இருக்கும்போதே பிரிவது மிக மிக அபூர்வம். சரிண்டி, சருனி என்ற ஜோடி 2010 ஜனவரியில் தனித்தனியாக வேறு துணைகளோடு வந்து இறங்கியபோது அது செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. ஸ்லிம்பிரிட்ஜில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்த சுமார் 4,000 ஜோடிகளில் அப்படி நடந்தது அது இரண்டாவது தடவைதான்.

சேர்ந்தே இருப்பதில் நடைமுறைப் பலனும் உண்டு. தீனி போடும் நேரத்தில் கவனியுங்கள். குஞ்சுகளோடு வந்த பெரிய குடும்பம் முன்னால் வந்து நிற்கும், குஞ்சில்லாத ஜோடி அதற்கு வழிவிடும், தனிப் பறவை ஓரமாக ஒதுங்கும். நல்ல இரை யாருக்கு என்பதை அங்கே குடும்பத்தின் அளவுதான் தீர்மானிக்கிறது.

வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுபோய்ப் போடலாமா?

வேண்டாம். அங்கே வெளித்தீனிக்கு அனுமதி இல்லை. நோய் பரவக்கூடும், ரொட்டியில் சத்தும் இல்லை. காட்டு அன்னங்களுக்குத் தானியம் போடுவதைக் காப்பகத்தாரே பார்த்துக்கொள்கிறார்கள்.

என்ன எடுத்துப்போக வேண்டும்?

குளிருக்கு உடை. அதிகமாகிவிட்டது என்று நீங்கள் நினைக்கும் அளவுக்கு எடுத்துப்போங்கள். மறைவிடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும்போது நடக்கும்போது தெரியாத குளிர் தெரியும், முதலில் விறைப்பது காலும் விரலும்தான். இரண்டு ஜோடிக் காலுறை, கையுறை, தொப்பி, நீர் புகாத காலணி, ஒரு பிளாஸ்கில் சூடாக ஏதாவது.

பைனாகுலர் இருந்தால் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) போதும். அதற்கு மேல் உருப்பெருக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும், அந்தியில் வெளிச்சமும் குறையும். பைனாகுலர் இல்லையென்றாலும் தயங்காமல் போங்கள். குளத்தின் ஓரத்தில் இருக்கும் அறையிலிருந்து வெறும் கண்ணாலேயே அலகின் நிறம் தெரியும்.

குழந்தைகளையும் வயதான அப்பா அம்மாவையும் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. பாதைகள் சமதளம், சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போகும். கண்ணாடிக்குப் பின்னால் கதகதப்பாக உட்கார்ந்து பார்க்கும் இடமும் உண்டு. குழந்தைகளிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: மறைவிடத்தில் மெதுவாகப் பேச வேண்டும், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டக் கூடாது. பறவை பயப்படுவது பெரும்பாலும் அசைவுக்குத்தான். நாய்க்கு அனுமதி இல்லை, உதவி நாய்கள் மட்டும் விதிவிலக்கு.

படம் எடுப்பதற்கு ஏதாவது யோசனை?

ஃபிளாஷ் போடாதீர்கள், டிரோன் பறக்கவிடாதீர்கள். வெள்ளைப் பறவை என்பதால் கேமரா ஏமாந்துபோகும். கருமையான நீரை அளந்து அன்னத்தை வெறும் வெள்ளைப் பட்டையாக்கிவிடும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள், இறகின் மடிப்புகள் தெரியும். இறங்கும் பறவையைப் பிடிக்க வேண்டுமென்றால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஒன்றிரண்டு படம் எடுத்ததும் கேமராவை வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள் என்பேன்.

எப்படிப் போய்ச் சேர்வது?

காரில் என்றால் எம்5 நெடுஞ்சாலையில் 13-வது அல்லது 14-வது சந்திப்பில் இறங்கி, பழுப்புப் பலகைகளைப் பார்த்தபடி போகலாம். ரயிலில் என்றால் கேம் அண்ட் டர்ஸ்லி நிலையம். அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். திரும்பும் டாக்ஸியையும் முன்பே சொல்லிவையுங்கள், இருட்டிய பின் அங்கே நின்று வண்டி தேடுவது கஷ்டம். கிறிஸ்துமஸ் அன்று மூடியிருக்கும். நுழைவுக் கட்டணத்தை அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போகிற ஆளாக இருந்தால் உறுப்பினராகிவிடுவதே மேல். ஸ்லிம்பிரிட்ஜை நடத்தும் அறக்கட்டளையின் மற்ற காப்பகங்களுக்கும் அது செல்லும்.

ஸ்லிம்பிரிட்ஜ் தூரம். வேறு இடம் உண்டா?

உண்டு. எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் நார்ஃபோக்கின் வெல்னிக்குப் போங்கள். அங்கிருக்கும் ஊஸ் வாஷஸ் 17-ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் வெர்மய்டன் வெட்டிய இரண்டு நேர்க்கால்வாய்களுக்கு நடுவே உள்ள நீண்ட நிலம். வெள்ளத்தைத் தேக்கிவைக்க விட்டது, குளிர்காலத்தில் பெரிய ஏரியாகிவிடும். ஐஸ்லாந்திலிருந்து வரும் ஹூப்பர் அன்னங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இரவு தங்குகின்றன. பகலில் அறுவடை முடிந்த வயல்களில் மிஞ்சிய உருளைக்கிழங்கையும், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கையும் மேயும். கிளம்புவதற்கு முன் சாலை நிலவரத்தைப் பாருங்கள். வெல்னியைக் கடக்கும் ஏ1101 சாலை குளிர்காலத்தில் அடிக்கடி நீரில் மூழ்கும், அப்புறம் நெடுந்தூரம் சுற்றித்தான் போக வேண்டும்.

லங்காஷயரில் மார்ட்டின் மியர், ஸ்காட்லாந்தின் சால்வே கரையில் கேர்லாவராக் இரண்டிலும் ஹூப்பர்கள் வரும். கேர்லாவராக்கில் ஸ்வால்பார்டிலிருந்து வரும் பார்னக்கிள் வாத்துக் கூட்டமும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் பியூயிக் அன்னத்தை முகம் பார்க்கும் தூரத்தில் பார்க்க எனக்கு ஸ்லிம்பிரிட்ஜ்தான்.

முன்பு நிறைய வந்ததாகச் சொல்கிறார்கள். இப்போது குறைந்துவிட்டதா?

குறைந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வடமேற்கு ஐரோப்பாவுக்கு வரும் பியூயிக் அன்னங்கள் 1995-ல் சுமார் 29,000 இருந்தன. 2010-ல் அது 18,000-ஆகக் குறைந்தது. அதற்குப் பிறகும் மீளவில்லை. ஸ்லிம்பிரிட்ஜில் ஒரு காலத்தில் பல நூறு பறவைகள் இருந்த குளத்தில் இப்போது அதில் ஒரு சிறு பகுதிதான் வருகிறது.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, குளிர்காலம் மிதமாகிவிட்டதால் பல பறவைகள் ஜெர்மனி, நெதர்லாந்திலேயே தங்கிவிடுகின்றன. கடலைத் தாண்டி வர வேண்டிய அவசியம் இல்லை. அவை நலமாகத்தான் இருக்கின்றன, நம் கண்ணுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றுதான் கவலை தருவது: மொத்த எண்ணிக்கையே குறைகிறது. வழியிலுள்ள ஈரநிலங்கள் சுருங்குகின்றன, பறவைகள் மின்கம்பிகளில் மோதுகின்றன, மேயும்போது விழுங்கும் ஈயத் துகள்கள் நஞ்சாகின்றன. வலசை வழி முழுக்கச் சட்டப் பாதுகாப்பு உள்ள பறவை இது, ஆனாலும் சுடப்படுகிறது. ஆய்வுக்காகப் பிடித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பறவைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றின் உடலுக்குள் துப்பாக்கிச் சன்னம் இருந்தது. சன்னத்தைச் சுமந்துகொண்டே 3,500 கிலோமீட்டர் பறந்து வந்திருக்கின்றன.

2016-ல் சாஷா டென்ச் என்ற பெண், மோட்டார் பொருத்திய பாராசூட்டில் ரஷ்ய ஆர்க்டிக்கிலிருந்து பிரிட்டன் வரை இந்த அன்னங்களின் வழியிலேயே பறந்து வந்தார். வழியில் இறங்கிய இடங்களில் வேட்டைக்காரர்களையும் விவசாயிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் சந்தித்துப் பேசினார். ஒரு நாட்டில் மட்டும் காப்பகம் இருந்தால் போதாது என்பதால்தான் அந்தப் பயணம்.

நம் பழம்பாடல்களில் வரும் அன்னம் இதுதானா?

இருக்க வாய்ப்பு குறைவு. இந்த வகை அன்னங்கள் இந்தியாவுக்கு, அதுவும் வடமேற்கு மூலைக்கு, மிக அரிதாகத்தான் வந்திருக்கின்றன. இமயத்தைத் தாண்டித் தெற்கே வரும் பட்டைத்தலை வாத்தைத்தான் நம் முன்னோர் அன்னம் என்றார்கள் எனப் பறவையியலாளர் பலர் கருதுகிறார்கள். பாலையும் நீரையும் பிரிக்குமா என்று என் அக்கா மகள் கேட்டாள். பிரிக்காது. ஆனால் கலங்கிய நீரில் தலையை முக்கி, சேற்றை விட்டுவிட்டு வேரையும் கிழங்கையும் மட்டும் எடுப்பதைப் பார்த்தால், அந்தக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்னம் தாக்குமா? கையை உடைத்துவிடும் என்கிறார்களே?

உடைக்காது. பெரிய இறக்கைதான், ஆனால் எலும்பு உள்ளீடற்றது. கூட்டை நெருங்கினால் மியூட் அன்னம் சீறும், துரத்தும். குளிர்காலத்தில் கூடு இல்லை, வலசை வந்த அன்னங்களோ உங்களைக் கண்டால் விலகிப்போகும்.

செத்துக் கிடக்கும் பறவையைப் பார்த்தால்?

தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் அன்னங்களையும் வாத்துகளையும் கடுமையாகத் தாக்குகிறது. எந்த இடம் என்று குறித்துக்கொண்டு ஊழியரிடம் சொல்லுங்கள். நுழைவாயிலில் கிருமிநாசினி விரிப்பு போட்டிருந்தால் காலணியை நன்றாக அதில் பதித்து நடங்கள், போகும்போதும் வரும்போதும்.

காலில் வளையம் உள்ள பறவையைப் பார்த்தேன். என்ன செய்வது?

வளையத்தின் நிறத்தையும் அதிலுள்ள எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் காலில் இருந்தது, எந்த இடம், எந்த நாள், கூட யார் இருந்தார்கள், எத்தனை குஞ்சு என்பதையும் சேர்த்துக் காப்பகத்தாரிடம் சொல்லுங்கள். ஊழியர் எல்லாப் பறவைகளையும் எல்லா நாளும் பார்க்க முடியாது. அந்தப் பறவையைப் பற்றி முன்பு பதிவானவற்றை உங்களுக்கும் சொல்வார்கள். நான் ஒருமுறை சொன்ன பறவை முந்தைய குளிர்காலம் தனியாக வந்தது என்று தெரிந்தது. நான் பார்த்த அன்று அதன் பக்கத்தில் ஒரு துணையும், பின்னால் இரண்டு சாம்பல் குஞ்சுகளும் நீந்திக்கொண்டிருந்தன.